பனகல் பூங்கா: ஏரித்தரையில் எழுந்த நகரின் நடுப்புள்ளி

தீபாவளிக்குப் புடவை எடுக்க ஆண்டுதோறும் சென்னைக்கு வந்துபோகும் ஒருவர், தியாகராய நகரில் தாம் இதுவரை பார்த்ததெல்லாம் கடைகள் மட்டுமே என்கிறார். அந்தக் கடைகளின் நடுவே பனகல் பூங்கா என்று ஒன்று எதற்காக இருக்கிறது, பனகல் என்பது யார் பெயர், அங்கும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். இந்த மூன்று கேள்விகளையும் தனித்தனியாகப் பிரித்து விடை சொல்ல முடியாது. பனகல் பூங்கா, கடைத்தெருவுக்கு நடுவே பிற்காலத்தில் ஒதுக்கப்பட்ட பசுமை அன்று. அந்தப் பூங்காவை நடுவில் குறித்துக்கொண்டு, அதைச் சுற்றித்தான் ஒரு நகரமே வரையப்பட்டது. கடைகள் அதற்குப் பல ஆண்டுகள் கழித்து வந்தவை. அந்த வரலாற்றைப் பூங்காவிலிருந்து தொடங்க இயலாது. அதற்கும் முன்னால் அங்கே கிடந்த நீரிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

இன்று அண்ணா சாலை என்று நாம் அழைக்கும் மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்தில் தொடங்கிச் சைதாப்பேட்டையை நோக்கி நீண்டு வளைந்து கிடந்தது ஒரு பெரிய ஏரி. அதன் நீளத்தைக் கண்ட ஆங்கிலேயர் அதை லாங் டேங்க் என்றே குறித்தார்கள். மயிலாப்பூர் ஏரி, மாம்பலம் ஏரி, நுங்கம்பாக்கம் ஏரி என்று அதன் பகுதிகளுக்கு அந்தந்த ஊரின் பெயர் வழங்கியது. தொண்டை மண்டலத்தின் மற்ற ஏரிகளைப் போலவே இதுவும் மழைநீரைக் கரைகட்டித் தேக்கிப் பயிருக்குத் திருப்பிய ஏரிதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதே நீர்ப்பரப்பில் வெள்ளையர்கள் படகுப் போட்டி நடத்தினார்கள் என்பதை, இன்று உஸ்மான் சாலையின் நெரிசலில் நிற்பவரிடம் சொன்னால் நம்புவது கடினம். ஆனால் ஊர் அதை முழுவதும் மறந்துவிடவில்லை. ரயில் தண்டவாளத்துக்கு மேற்கே, மேற்கு மாம்பலத்தில், லேக் வியூ சாலை என்ற பெயர் இன்றும் பலகையில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டுவது வீடுகளும் கடைகளும்தாம் என்றாலும், அந்தப் பெயர் எப்போதோ ஒருவர் கரையில் நின்று நீரைப் பார்த்ததற்குச் சான்று.

ஏரியைத் தூர்க்கவேண்டும் என்ற எண்ணம் ஒரே நாளில் பிறந்ததல்ல. 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சென்னையின் மக்கள்தொகை 5,26,911. ஜார்ஜ் டவுனும் திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் நெருங்கி நிறைந்துவிட்ட நிலையில், நடுத்தரக் குடும்பங்கள் குடியேற இடம் தேவைப்பட்டது. 1915ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ் தமது நகரமைப்புக் கண்காட்சியைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அவரை அடுத்து எச். வி. லான்செஸ்டர் என்ற கட்டடக் கலைஞர் இந்நகரின் விரிவாக்கம் பற்றி ஆராய்ந்தார். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. தெருக்கள் தாமாக வளைந்து நெளிந்து வளர்வதை விட்டு, முன்கூட்டியே கோடு போட்டு ஊரமைக்கும் வழக்கத்துக்குச் சட்ட வலு கிடைத்தது இதனால்தான். அதே ஆண்டின் இறுதியில் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. இவையெல்லாம் ஒன்றுகூடிய இடம்தான் மாம்பலம். 1923ஆம் ஆண்டு தொடங்கி ஏரியின் நடுப்பகுதி வடிக்கப்பட்டுத் தூர்க்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் மனைகள் பிரிக்கப்பட்டுச் சாலைகள் போடப்பட்டன.

வரைபடத்தில் பனகல் பூங்காவை ஒருமுறை பாருங்கள். வடக்கு உஸ்மான் சாலை, தெற்கு உஸ்மான் சாலை, கிழக்கே தேனாம்பேட்டையில் மவுண்ட் ரோட்டைத் தொடும் தியாகராய சாலை, தென்கிழக்கே நந்தனத்தை நோக்கிச் சாயும் வெங்கடநாராயணா சாலை, வடகிழக்கே ஜெமினி மேம்பாலத்தை நோக்கி ஓடும் ஜி.என். செட்டி சாலை ஆகிய எல்லாம் சக்கரத்தின் ஆரங்களைப் போலப் பூங்காவிலிருந்தோ அதன் அருகிலிருந்தோ விரிவதைக் காணலாம். கோயிலை நடுவில் வைத்து மாட வீதிகளால் சூழ்ந்து ஊர் அமைப்பது நம் மரபு. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அப்படி அமைந்தவை. தியாகராய நகரில் அந்த நடுவிடத்தில் கோயில் இல்லை, கோட்டை இல்லை, ஆட்சியர் மாளிகையும் இல்லை. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரக்கூடிய, சுமார் 8 ஏக்கர் பரப்புள்ள ஒரு பொதுப் பூங்கா இருக்கிறது. இந்தத் தெரிவை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. கோயில் நுழைவு எல்லோருக்கும் திறக்காத 1920களில், யாருக்கும் மூடாத ஒரு வெளியை ஊரின் நடுவில் வைத்திருக்கிறார்கள். அப்படி வைத்தவர்கள் பிறப்பின் பெயரால் வரும் ஏற்றத்தாழ்வை எதிர்த்துக் கட்சி தொடங்கியவர்கள். வரைந்தவர்களின் மனத்தில் அது எவ்வளவு தெளிவாக இருந்ததோ இல்லையோ, தரையில் அதன் பொருள் தெளிவாக இருக்கிறது.

நகருக்குப் பெயர் தந்தவர் சர் பிட்டி தியாகராயர். நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட தேவாங்கர் குடும்பத்தில் 1852இல் பிறந்தவர். 1916 நவம்பரில் டாக்டர் டி. எம். நாயருடன் சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தொடங்கியவர்; அந்தச் சங்கமே பின்னர் நீதிக்கட்சி என்று அறியப்பட்டது. சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில், ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஒரு அணாவுக்கு மிகாத செலவில், 1920இல் மதிய உணவு வழங்கச் செய்தார். தமிழ்நாட்டின் சத்துணவு வரலாற்றின் முதல் ஏடு அது. 1920 தேர்தலில் கட்சி வென்று, ஆட்சியமைக்க ஆளுநர் அவரை அழைத்தபோது, முதலமைச்சர் பதவியைத் தாம் ஏற்காமல் கடலூர் சுப்பராயலு ரெட்டியாரை முன்மொழிந்தார். 1925 ஏப்ரலில், இந்த நகர் உருவாகிக்கொண்டிருந்த வேளையிலேயே, அவர் காலமானார். நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவரின் பெயர் தாங்கிய ஊர், பிற்காலத்தில் காஞ்சிப் பட்டுக்கு உலகறிந்த சந்தையாக மாறியது. இந்தப் பொருத்தம் தானாக அமைந்ததுதான் என்றாலும், எனக்கு எப்போதும் நிறைவு தருவது.

பூங்காவுக்குப் பெயர் தந்த பனகல் அரசர், சுப்பராயலு ரெட்டியாருக்குப் பின் 1921 ஜூலையில் முதலமைச்சராகி 1926 டிசம்பர் வரை அப்பொறுப்பில் இருந்தவர். இயற்பெயர் பனகன்டி ராமராயநிங்கார். காளஹஸ்தியில் 1866இல் பிறந்தவர். சென்னையில் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். அரசுப் பணிகளில் எல்லா வகுப்பினருக்கும் இடம் ஒதுக்கும் முதல் வகுப்புவாரி ஆணை 1921இல் வெளியானது அவருடைய ஆட்சியில்தான். ஆட்களைத் தேர்ந்தெடுக்க 1924இல் அமைக்கப்பட்ட வாரியம், பின்னாளில் வந்த தேர்வாணையத்துக்கு முன்னோடி. கோயில் சொத்துகளின் வரவு செலவை அரசின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்த இந்து அறநிலையச் சட்டமும் கடும் எதிர்ப்புக்கிடையே அவர் நிறைவேற்றியதே. 1928 டிசம்பரில் அவர் மறைந்தார். பூங்காவுக்குள் அவருடைய சிலை வைக்கப்பட்டது. சைதாப்பேட்டையில் அரசு அலுவலகங்கள் இயங்கும் பனகல் மாளிகைக்கும் இவர் பெயர்தான். நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் ‘பனகல் பார்க்’ என்று நடத்துநரிடம் சொல்லிச் சீட்டு வாங்குகிறார்கள். அப்படிச் சொல்பவர்களில் அரசு வேலையிலிருக்கும் பலர், அந்த வேலைக்கு வழிதிறந்த முதல் ஆணையோடு தொடர்புடையவரின் பெயரைத்தான் தாம் சொல்கிறோம் என்று அறிந்தால் நன்றாக இருக்கும்.

சுற்றியுள்ள சாலைகளின் பெயர்களும் இதே வரலாற்றின் தொடர்ச்சி. உஸ்மான் சாலை, நீதிக்கட்சியைச் சேர்ந்தவரும் 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகப் பணியாற்றியவருமான சர் முகமது உஸ்மானின் பெயரால் அமைந்தது. டாக்டர் நாயர் சாலை, தியாகராயரின் தோழர் டி. எம். நாயருக்கு உரியது. வெங்கடநாராயணா சாலையில் இருக்கும் நடேசன் பூங்கா, திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்ற மாணவர் விடுதியை நடத்திய டாக்டர் சி. நடேசனாரை நினைவுகூர்வது. தணிகாசலம் சாலைக்கு ஓ. தணிகாசலம் செட்டியாரும், ஜி.என். சாலைக்குக் கோபதி நாராயணசாமி செட்டியாரும் பெயர் தந்தவர்கள். பிற்காலத்தில் சென்னையின் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பின்னொட்டுகளை நீக்கியபோது, இவற்றில் பல குறுகிப்போயின. நாயர் என்பதைச் சாதிப் பெயராகக் கருதி நீக்கியதால் டாக்டர் நாயர் சாலை சில பலகைகளில் வெறும் ‘டாக்டர் சாலை’ ஆனது. நோக்கம் உயர்ந்தது, ஆனால் சாதியை எதிர்த்தவர் ஒருவரின் அடையாளமே அதில் அழிந்துபோனது வருத்தத்துக்குரியது.

பாண்டி பஜார் என்ற பெயரைக் கேட்டதும் புதுச்சேரியை நினைப்பவர்கள் உண்டு. டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார் என்ற சுயமரியாதை இயக்கத் தலைவரின் பெயரே சுருங்கி அப்படி ஆனது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பதே அதன் முறையான பெயர். 1929இல் செங்கற்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். இராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின் (ஜில்லா போர்டு) தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார். அவர் பெயர் தாங்கிய கடைத்தெருவில் இன்று எல்லோரும் தோளோடு தோள் உரசி நடக்கிறார்கள்.

தொடக்கத்தில் இந்நகர் அமைதியான குடியிருப்பாகத்தான் இருந்தது. தோட்டம் சூழ்ந்த வீடுகள், தூங்குமூஞ்சி மரங்களின் நிழல் கவிந்த அகலமான சாலைகள் என்றுதான் பழையவர்கள் நினைவுகூர்வார்கள். 1931இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், மாம்பலம் நிலையத்தில் இறங்கி நடந்துபோகும் தொலைவில் வீடு என்பது அலுவலகம் செல்வோருக்குப் பெரிய வசதியானது. 1928இல் தொடங்கப்பட்ட நல்லி பட்டு நிறுவனம் பூங்காவை அடுத்து நாகேஸ்வரன் சாலையில் வளர்ந்தது. ரயில் நிலையத்தையும் உஸ்மான் சாலையையும் இணைக்கும் குறுகலான ரங்கநாதன் தெரு, பாத்திரக் கடைகளாலும் துணிக்கடைகளாலும் நிரம்பி, இந்தியாவிலேயே மிகுந்த நெரிசலும் வணிகமும் உள்ள தெருக்களுள் ஒன்றாயிற்று. குடியிருப்புக்கென்று வகுத்த ஒரு திட்டம், தன் நல்ல சாலைகளாலும் ரயில் வசதியாலுமே சந்தையாக மாறியது என்பதுதான் இதன் காரணகாரியம்; அகன்ற சாலை ஆட்களைக் கொணர்ந்தது, ஆட்கள் கடைகளைக் கொணர்ந்தார்கள், கடைகள் வீடுகளை விழுங்கின.

கோடம்பாக்கத்துப் படப்பிடிப்புத் தளங்கள் அருகில் இருந்ததால் கலைஞர்கள் பலர் இங்கே குடியேறினார்கள். சிவாஜி கணேசனின் ‘அன்னை இல்லம்’ தெற்கு போக் சாலையில் இருக்கிறது. அந்தச் சாலையே இன்று செவாலியே சிவாஜி கணேசன் சாலை. எம்.ஜி.ஆர். பயன்படுத்திய இல்லம் ஆற்காடு தெருவில் நினைவில்லமாகப் பேணப்படுகிறது. நடிகை டி. ஆர். ராஜகுமாரி பாண்டி பஜாரில் தம் பெயரிலேயே திரையரங்கு ஒன்றை நடத்தினார். பெண்ணொருவர் சொந்தமாகத் திரையரங்கு வைத்திருப்பது அந்நாளில் அரிய செய்தி. இப்போது அது இல்லை. நாகேஷ் கட்டிய திரையரங்கும் இல்லை. ஜி.என். சாலையில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் சிலை நிற்கிறது. 1969 ஜனவரி 14 அன்று, நோயின் பிடியில் இருந்த முதலமைச்சர் அண்ணா வந்து அதைத் திறந்துவைத்தார். அடுத்த இருபது நாட்களில் அவர் மறைந்தார். பொங்கல் நாளில் அந்தச் சிலையின் முன் நிற்கும்போது, அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி இதுதானே என்ற எண்ணம் வந்து மனம் கனக்கும்.

திருமலைப் பிள்ளை சாலையில் காமராசர் வாழ்ந்த வாடகை வீட்டைத் தவறாமல் பாருங்கள். ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாக முதலமைச்சராக இருந்தவர், 1975 அக்டோபர் 2 அன்று உயிர்நீத்தது இந்த வீட்டில்தான். இன்று அது அரசின் நினைவில்லம். அங்குள்ள அறைகளின் எளிமையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து பெருங்கடைகளைப் பார்க்கும்போது, இரண்டும் ஒரே ஊரில் இருப்பது வியப்பளிக்கும். தணிகாசலம் சாலையில் தட்சிண பாரத இந்தி பிரச்சார சபை இருக்கிறது. 1918இல் காந்தியடிகள் முன்னின்று தொடங்கிய அந்தச் சபையின் வெள்ளிவிழாவுக்காக, 1946ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் வந்து இங்கேயே தங்கினார். இந்தியைக் கட்டாயப் பாடமாக்கிய ராஜாஜி வாழ்ந்ததும் இதே நகரின் பசுல்லா சாலையில்தான். இந்தித் திணிப்பை எதிர்த்த இயக்கத்தின் முன்னோடிகளுடைய பெயர்களால் ஆன ஒரு நகரில் இந்த இரண்டும் அமைந்திருப்பது, தமிழக அரசியலின் இரு கரைகளையும் ஒரு மணி நேர நடையில் காட்டிவிடுகிறது.

இசையில் ஈடுபாடு உள்ளவர் மார்கழியில் வருவது நல்லது. சித்தூர் வி. நாகையா முயற்சியால் 1940களில் உருவான தியாக பிரம்ம கான சபையின் வாணி மகாலும், கிருஷ்ண கான சபையும் பூங்காவிலிருந்து நடந்துபோகும் தொலைவில் உள்ளன. கிருஷ்ண கான சபை இருக்கும் சாலை முன்பு கிரிஃபித் சாலை. இன்று பாடகர் மகாராஜபுரம் சந்தானத்தின் பெயரைத் தாங்குகிறது. கோயில்களைத் தேடுபவருக்குத் தெற்கு உஸ்மான் சாலையில் சிவா விஷ்ணு கோயிலும், வெங்கடநாராயணா சாலையில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பெருமாள் கோயிலும் உண்டு.

இனிப் பூங்காவைப் பற்றியே நேராகச் சொல்கிறேன். இது லால்பாக்கைப் போன்ற தாவரவியல் தோட்டம் அல்ல. அரிய மலர்களையோ செயற்கை ஏரியையோ எதிர்பார்த்து வருபவர் ஏமாறுவார். மரநிழல், நடைபாதை, இருக்கைகள், சிலை ஆகியவைதாம் இதன் செல்வம். விடியற்காலையில் நடப்பவர்களும், நண்பகலில் கடை கடையாக அலைந்து கால் ஓய்ந்தவர்களும், கடைப் பணியாளர்களும் இளைப்பாறும் இடம் என்பதே இதன் பெருமை. இப்போது சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை செல்லும் 26.1 கிலோமீட்டர் வழித்தடத்துக்காக, இங்கே தரைக்கடியில் நிலையம் கட்டப்படுகிறது. அதற்காகப் பூங்காவின் பகுதி எடுத்துக்கொள்ளப்பட்டதால், பழைய பூங்காவைக் காண நினைப்பவர் பொறுத்திருக்க வேண்டும். நிலையம் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. பணி முடிந்ததும் எடுத்த தரை முழுவதும் மண்ணாகவும் மரமாகவும் திரும்ப வரவேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை. நிலையத்தின் வாயில்களுக்கும் வண்டி நிறுத்தத்துக்கும் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தரையை இழந்தால், நூறாண்டுக்கு முன் வரைந்த நடுப்புள்ளி வெறும் சாலைச் சந்திப்பாகிவிடும்.

மண் தரையைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துவதற்கு ஏரிதான் காரணம். தூர்த்தாலும் பள்ளம் பள்ளமே. சுற்றுவட்டாரத்து மழைநீர் இன்றும் தன் பழைய இருப்பிடத்தைத் தேடியே வருகிறது. அதை வெளியேற்ற இருக்கும் வழி, நந்தனம் வழியாக அடையாற்றில் சேரும் மாம்பலம் கால்வாய். 2021 நவம்பர் மழையில் தியாகராய நகரின் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. கால்வாயில் கிடந்த கட்டடக் கழிவுகள் நீரோட்டத்தை மறித்தன என்பது அப்போது வெளிப்படையாகவே பேசப்பட்டது. ஏரியின் வடபகுதிக்கும் இதே கதைதான்: நுங்கம்பாக்கத்தில் எஞ்சியிருந்த நீர்ப்பரப்பின் மீது 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. திருவாரூர்த் தேரைப் போலக் கல்லில் அமைந்த அந்தத் தேரைக் காணச் செல்பவர், தாம் நிற்பதும் அதே ஏரியின் தரையில்தான் என்பதை நினைவில் கொள்ளலாம்.

ஒரு நாள் மட்டும் கையில் இருந்தால், ஞாயிறு தவிர்த்த வேறொரு நாளில், காலை 7 மணிக்குள் மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்குங்கள். 2023இல் திறக்கப்பட்ட 570 மீட்டர் நீள ஆகாய நடைபாலத்தில் ஏறினால், ரங்கநாதன் தெருவின் நெரிசலில் சிக்காமல் பேருந்து நிலையம் வரை வந்துவிடலாம். அங்கிருந்து தெற்கு உஸ்மான் சாலை வழியே வடக்காகப் பூங்காவுக்கும், அதன்பின் 2019இல் நடப்பவர்களுக்காக அகலப்படுத்திய பாண்டி பஜார் நடைபாதைக்கும் போங்கள். அடுத்து ஜி.என். சாலையில் கலைவாணர் சிலையையும் வாணி மகாலையும் பார்த்துவிட்டுக் காமராசர் இல்லத்துக்குச் செல்லுங்கள். புடவைக் கடைகள் திறந்து சூடுபிடிக்கும் நேரத்துக்கு நீங்கள் நாகேஸ்வரன் சாலைக்குத் திரும்பிவிடலாம். மாலையில் கால் வலிக்காவிட்டால், துரைசாமி சுரங்கப்பாதை வழியாகத் தண்டவாளத்தின் மறுபக்கம் சென்று, லேக் வியூ சாலைப் பெயர்ப்பலகையின் அருகே சற்று நேரம் கிழக்கு நோக்கி நின்றுவிட்டுப் புறப்படுங்கள்.